உப்புக் காற்றில் ஒரு ஒன்பது தோட்டா ரிவால்வர்

2019 மக்களவைத் தேர்தல் அறிவிப்பு வந்ததும், வழக்கம் போல, துப்பாக்கியைக் கொண்டுவந்து ஒப்படைக்கச் சொல்லி போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. தோலுறையோடு ஒரு துணிப்பையில் போட்டுக் கொடுத்துவிட்டு ரசீது வாங்கிக்கொண்டு வந்தேன். மார்ச்சில் போனது ஜூன் முதல் வாரத்தில்தான் திரும்பக் கைக்கு வந்தது. திண்ணையில் உட்கார்ந்து உறையிலிருந்து உருவினேன். குழலின் இடது பக்கத்தில், உறையின் தையல் எங்கே படிந்து கிடந்ததோ அதே கோட்டில், மிளகாய்த்தூள் தூவினாற்போலத் துரு. அப்பா கையிலும் என் கையிலுமாக ஐம்பது வருஷம் ஒரு புள்ளி விழாமல் இருந்த இரும்பு. ஸ்டேஷனைச் சொல்லிக் குற்றமில்லை. கடலூர் வெயில் காலத்தில் தோலுறையோடு கொடுத்த முட்டாள் நான்.

நான் மஞ்சக்குப்பத்தில் நாற்பது வருஷமாகத் தையல் மெஷின் ரிப்பேர் பார்க்கிறவன். சின்ன இரும்பு, சின்ன ஸ்பிரிங், மெல்லிய எண்ணெய், இதுதான் பிழைப்பு. அந்தக் கையோடு சொல்கிறேன்: நம் கடற்கரையில் இந்த மாதிரி ரிவால்வர் சுட்டுத் தேய்ந்து சாவதைப் பார்த்ததில்லை, பீரோவில் படுத்தே சாகிறது. அப்பா தாத்தா வழியில் ஒரு பழைய .22 ரிவால்வர் (குழல் துளை கால் அங்குலத்துக்கும் குறைவான ரகம்) வந்து, அதை என்ன செய்வதென்று தெரியாமல் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது ஹாரிங்டன் அண்ட் ரிச்சர்ட்சன் கம்பெனியின் 999 ஸ்போர்ட்ஸ்மேன். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் ஊரில் 1871ல் தொடங்கிய கம்பெனி, 1986ல் மூடிவிட்டார்கள். அதன் பெயரில் பின்னால் வந்த இன்னொரு கம்பெனி கொஞ்ச காலம் இதே மாடலைச் செய்தது, அதுவும் நின்றுபோனது. ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குக் கிளம்பும்போது முறைப்படி அப்பா பெயருக்கு மாற்றிக் கொடுத்தது. ஆறு அங்குலக் குழல், ஏறக்குறைய 850 கிராம் எடை, உருளையில் ஒன்பது அறை. பெரும்பாலான ரிவால்வர்களில் உருளை பக்கவாட்டில் வெளியே வரும். இது நடுவில் மடங்குகிற ரகம். குறி பார்க்கப் பின்னால் இருக்கும் பின்குறிக்குப் பக்கத்துக் கொண்டியை மேலே தூக்கிக் குழலை அழுத்தினால், முழங்கால் மடங்குவது போல முன்பாதி கீழே சாயும். சாயும்போதே உருளையின் நடுவிலிருந்து நட்சத்திர வடிவில் ஒரு தட்டு எழும்பி சுட்ட தோட்டாக்களின் ஒன்பது காலிக் கூட்டையும் ஒரே நேரத்தில் தள்ளிவிட்டு, டக்கென்று உள்ளே போய்விடும். எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்காத வேலைப்பாடு. தையல் மெஷினின் பாபின் கேஸைக் கண்டுபிடித்தவனுக்கும் இதைக் கண்டுபிடித்தவனுக்கும் ஒரே குரு என்று நினைத்துக்கொள்வேன்.

குறி பார்த்துச் சுடவும், முயல் அணில் மாதிரிச் சின்ன வேட்டைக்கும் என்று அந்த ஊரில் இந்த ரகத்தை விற்றார்கள். இங்கே அந்த இரண்டாவது வேலை கிடையாது. 1972ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இன்றைக்குக் கரும்புக்காட்டு முயலோ கவுதாரியோ காடையோ எதன் மேலும் இதை நீட்டக் கூடாது. அப்பாவின் முயல் கதைகள் எல்லாம் அதற்கு முந்தியவை. சொந்தத் தோப்பில் தேங்காய்ச் சிரட்டையைக் கட்டித் தொங்கவிட்டுச் சுடலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. வேண்டாம். .22 தானே என்று இளக்காரமாக நினைக்கிறார்கள். அந்தச் சின்ன ஈயக் குண்டு தோப்பைத் தாண்டிப் போய் ஒரு மைலுக்கு அப்பால் விழும். சுடும் பயிற்சிக்கென்றே இருக்கும் ரேஞ்ச் ஒன்றுதான் இடம்.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆயுதச் சட்டம் 1959ன்படி லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் ஒரு ஆணிகூட வைத்திருக்க முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். லைசென்ஸ் வைத்திருந்தவர் இறந்துவிட்டால் காரியம் முடியட்டும் என்று காத்திருக்காமல் துப்பாக்கியை ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். பிறகு வாரிசு தன் பெயருக்கு மனு போடலாம். 2016 ஆயுத விதிகள் வந்த பிறகு உயிரோடு இருக்கும்போதே மாற்றவும் வழி இருக்கிறது: வைத்திருப்பவருக்கு எழுபது வயது ஆகியிருக்க வேண்டும், அல்லது இருபத்தைந்து வருஷம் வைத்திருந்திருக்க வேண்டும். நான் இப்போது அப்படித்தான் என் மகள் பெயருக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். 2019 திருத்தத்துக்குப் பிறகு பொதுவாக ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான். லைசென்ஸ் காலம் ஐந்து வருஷம்.

கடலூர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. உங்கள் லைசென்ஸ் எந்த எல்லைக்குச் செல்லும் என்று அதிலேயே எழுதியிருக்கும். தமிழ்நாடு என்று மட்டும் இருந்தால் பாண்டி எல்லையில் இருக்கும் முள்ளோடை தாண்டியவுடன் அது வெற்றுக் காகிதம். பாண்டிக்குப் போவது நமக்குப் பக்கத்துத் தெருவுக்குப் போவது மாதிரி; ஆனால் சட்டப்படி அது வேறு பிரதேசம். வண்டிப் பெட்டியில் துப்பாக்கி இருப்பதை மறந்துவிட்டு மலிவாகப் பெட்ரோல் போடப் போகாதீர்கள்.

துடைக்க உட்காருவது

முதலில் காலியா என்று பார்ப்பது. கொண்டியைத் தூக்குங்கள், முழுக்க மடக்குங்கள், ஒன்று முதல் ஒன்பது வரை ஓட்டையைத் தொட்டுத் தொட்டு வாய்விட்டு எண்ணுங்கள். ஆறு தோட்டா ரிவால்வர் பழகியவர்கள் ஆறு வரை எண்ணிவிட்டு மூடுவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்பா எண்ணச் சொல்லிவிட்டு, “சரி, இப்போ திரும்ப எண்ணு” என்பார். எரிச்சலாக வரும். இப்போது நான் மகளிடம் அதையே சொல்கிறேன், அவளுக்கும் எரிச்சலாக வருகிறது. தோட்டா டப்பா அந்த நேரத்தில் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது.

சமையல் மேடையிலோ சாப்பாட்டு மேசையிலோ உட்காராதீர்கள். வருவது ஈயக் கரி. திண்ணையில் பழைய பேப்பரை இரண்டு மடிப்பாக விரித்து, முடிந்ததும் பேப்பரைச் சுருட்டிக் குப்பையில் போட்டு, சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டுத்தான் காப்பி டம்ளரைத் தொட வேண்டும்.

தேவையானவை: .22 அளவுக்கான பித்தளை நார் பிரஷ், பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்று, பனியன் துணி, துப்பாக்கி துடைக்கும் கரைசல் கிடைத்தால் அது, கிடைக்காவிட்டால் வடிகட்டிய மண்ணெண்ணெய், நல்ல மெல்லிய எண்ணெய். தையல் மெஷின் எண்ணெய் போதுமா என்று என்னைக் கேட்காதவர்கள் கிடையாது. சுத்தமானதாக இருந்தால் போதும், ஆனால் மெல்லியது என்பதால் சீக்கிரம் காய்ந்துவிடும். பதினைந்து நாளுக்கு ஒரு முறை திரும்பத் துடைக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் மட்டும் கூடவே கூடாது. பழைய ஆட்கள் தடவுவார்கள், பளபளவென்று அழகாகத்தான் இருக்கும். ஆறு மாதத்தில் பிசினாகி உள்ளே ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொள்ளும். வருஷத்துக்கு நாலு தையல் மெஷின் இந்த ஒரு காரணத்துக்காக என் பட்டறைக்கு வருகிறது.

குழலைத் துடைக்க நான் தடி விடுவதில்லை. தடியைக் குழல் வாயிலிருந்து விட்டால், நாளடைவில் அது வாயின் விளிம்பை ஒரு பக்கமாகத் தேய்த்துவிடும். குண்டு குழலை விட்டுப் பிரியும் கடைசி இடம் அந்த விளிம்புதான். அங்கே கோணினால் குறி கோணும். அதற்குப் பதில் ஒரு முழ நைலான் கயிற்றை எடுத்து, குழலுக்கு நேராக நிற்கும் அறை வழியாகப் பின்னாலிருந்து விட்டு, வாய் வழியாக வெளியே எடுங்கள். கயிற்றின் முனையில் கரைசலில் நனைத்த பனியன் துண்டு. கோணாமல் நேராக இழுங்கள். முதல் துண்டு கரிச்சட்டி துடைத்த மாதிரி வரும். கால் மணி நேரம் ஊறவிட்டு பிரஷை அதே மாதிரி ஏழெட்டுத் தடவை இழுத்து, பிறகு துணி துணியாக, வெள்ளையாக வரும் வரை. கடைசித் துணியில் ஒரே ஒரு சொட்டு எண்ணெய்.

அடுத்தது ஒன்பது அறைகள். இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். .22 தோட்டாவில் குட்டையானது, நீளமானது என்று ரகங்கள் உண்டு. குட்டைத் தோட்டா 1857லிருந்து இருக்கிறது, நாம் போடும் லாங் ரைஃபிள் ரகம் 1887ல் வந்தது. குட்டையை நீள அறையில் போட்டுச் சுடலாம். ஆனால் அதன் வாய் நிற்கும் இடத்துக்கு முன்னால் ஒரு வளையமாகக் கரி கட்டிக்கொள்ளும். அப்புறம் நீளத் தோட்டா கடைசி அரை நூல் உள்ளே போகாமல் முரண்டு பிடிக்கும். கட்டை விரலால் அழுத்தித் திணிக்காதீர்கள். அறைக்கு ஐந்து தடவை பிரஷை முறுக்கி ஓட்டினால் வளையம் உதிர்ந்துவிடும். உருளையின் முன்முகத்தில் இருக்கும் கறுப்பு வட்டங்களை விட்டுவிடுங்கள். அது சுட்ட துப்பாக்கிக்கு வந்த மச்சம். சுரண்டினால் இரும்புதான் போகும்.

பிறகு அந்த நட்சத்திரத் தட்டு. குழலைப் பாதி மடக்கினால் தட்டு எழும்பி நிற்கும். அதன் அடியில் எரியாத மருந்துப் பொடி ஒன்றிரண்டு ஒட்டியிருக்கும், கடுகில் கால்வாசி இருக்காது. அந்தக் கால்வாசிக் கடுகு தட்டை ஒரு மயிரிழை தூக்கிவிட்டால் உருளை சுற்றாமல் இறுகும். ‘ரிவால்வர் கெட்டுப்போச்சு’ என்று அலறுகிறவர்களில் பாதிப் பேருக்கு நோய் இதுதான். காய்ந்த பல் பிரஷால் நாலு பக்கமும் துலக்கி, ஊதிவிடுங்கள். அங்கே எண்ணெய் விடாதீர்கள். எண்ணெய் அடுத்த பொடியைக் கூப்பிட்டு உட்கார வைக்கும். சுடும்போதும் இதே இடத்தில் ஒரு தொல்லை வரும். மெதுவாக, பயந்து பயந்து மடக்கினால் காலிக் கூடு ஒன்று தட்டுக்கு அடியில் விழுந்து மாட்டிக்கொள்ளும். மடக்குவதை ஒரே வீச்சில், கொஞ்சம் பக்கவாட்டில் சாய்த்துச் செய்தால் ஒன்பதும் கீழே கொட்டும்.

உள்ளே இருக்கும் ஸ்பிரிங், விசை எதையும் கழற்ற வேண்டாம். இதை எழுதுகிற எனக்கே கை துறுதுறுக்கும். ஒரு முறை பிடிக்கட்டையின் திருகு தொலைந்துபோனது, என் லேத்தில் பத்து நிமிஷ வேலை. செய்யவில்லை. துப்பாக்கியைப் பழுது பார்க்கவும் உதிரி செய்யவும் தனி லைசென்ஸ் வேண்டும் என்கிறது சட்டம், தையல் மெஷின்காரனுக்கு அதில் விலக்கு இல்லை. சென்னைக்குக் கொண்டுபோய், லைசென்ஸ் உள்ள பட்டறையில் கொடுத்து, மூன்று வாரம் காத்திருந்தேன். திருகுக்கே மூன்று வாரம் என்றால் உள்ளே ஒரு பல் உடைந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். கம்பெனியே இல்லை.

துரு வந்துவிட்டால்? உப்புத்தாள் எடுக்காதீர்கள், பித்தளைக் குத்துவிளக்கு துலக்கும் பாலிஷையும் எடுக்காதீர்கள். அந்தக் கருநீல நிறம் பெயின்ட் கிடையாது, இரும்பின் மேல் கட்டிய மெல்லிய படலம். பாலிஷ் போட்டால் துருவோடு அதுவும் போய் வெள்ளை இரும்பு பல்லிளிக்கும். நான் செய்தது இது. அம்மாவின் டப்பாவில் ஒரு ஓட்டைக் காலணா கிடந்தது, வெண்கலம். வெண்கலம் எஃகை விட மிருது. துருவின் மேல் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவைத்து, மறுநாள் காலணாவின் விளிம்பைச் சாய்த்து, அழுத்தாமல், நகத்தால் பொட்டுச் சுரண்டுவது போலச் சுரண்டினேன். எண்ணெய் காவி நிறமாக மாறும். துடைத்துவிட்டுப் புது எண்ணெய். மூன்று சாயங்காலம் ஆனது. துரு போய்விட்டது, அது தின்ற இடத்தில் ஊசி முனை அளவு குழிகள் மட்டும் இன்னும் இருக்கின்றன. வெளிச்சத்தில் திருப்பினால் தெரியும்.

வெறுமனே விசையை இழுக்காதீர்கள்

இதைத் தனியாக எழுதக் காரணம், பார்க்க வருகிற ஒவ்வொருத்தரும் முதலில் செய்வது இதுதான். .22 தோட்டாவில் பற்றவைக்கும் மருந்து அடிப்பாகத்து விளிம்பின் மடிப்புக்குள்ளே இருக்கிறது. விசையை இழுத்ததும் துப்பாக்கியின் ஊசி வந்து அந்த விளிம்பை அறையின் ஓரத்தோடு நசுக்கினால்தான் வெடிக்கும். அறை காலியாக இருந்தால் நசுங்க எதுவும் இல்லை. ஊசி நேரே போய் அறையின் ஓரத்திலேயே இடிக்கலாம். ஊசி தட்டில் இடிக்கிற தையல் மெஷினை ஓட்டிப் பாருங்கள், அதே கதி. சில நூறு தடவை இடித்தால் ஓரத்தில் உதடு மாதிரி ஒரு பிதுக்கம் வரும், தோட்டா உள்ளே போகாது, ஊசி முனையும் மழுங்கும். விசைப் பழக்கம் வேண்டும் என்றால் சுட்டு முடித்த காலிக் கூடுகளைப் போட்டு இழுங்கள். அடிபட்ட இடத்திலேயே திரும்ப அடிபடாதபடி கூட்டை அவ்வப்போது திருப்பி வையுங்கள். காலிக் கூடுதான், தோட்டா இல்லை என்று ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு.

ரேஞ்சுக்குப் போகும் முன் ஒரு சோதனை. காலியாக மூடி, வலது கையில் பிடிக்கட்டை, இடது கையில் குழல், மெதுவாக மேலும் கீழும் ஆட்டுங்கள். கொண்டி இருக்கும் இடத்தில் லொடலொடத்தால் சுடாதீர்கள், பட்டறைக்குத்தான் போக வேண்டும். மடங்குகிற ரகத்துக்கு வயசாவது அந்தக் கொண்டியில்தான். தோட்டாவும் சாதாரண வேகத்தது போதும். அதிவேகம் என்று டப்பாவில் பெரிய எழுத்தில் போட்டிருப்பதை இளவட்ட ரைஃபிள்களுக்கு விட்டுவிடுங்கள்.

ரேஞ்சில் என் மகள் 25 மீட்டரில் சுடுகிறாள். இலக்குத் தாளில் கறுப்பு வட்டம் 200 மில்லிமீட்டர், நடுவில் பத்து வளையம் 50 மில்லிமீட்டர், ஒரு சின்ன ஊத்தப்பம் அளவு கிடையாது, இட்லியை விடவும் சிறிது. சர்வதேச விதியில் 25 மீட்டர் பிஸ்டலுக்குக் குழல் 153 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. ஆறு அங்குலம் என்பது 152.4. இந்தக் கிழவன் அரை மில்லிமீட்டர் மிச்சத்தில் தப்பித்துவிடுகிறான். போட்டியில் ஐந்து ஐந்தாகத்தான் சுடுவார்கள், அதனால் ஒன்பதையும் நிரப்ப வேண்டாம். துப்பாக்கியின் பின்பக்கத்துச் சுத்தியலைக் கட்டை விரலால் பின்னுக்கு இழுத்து நிறுத்திவிட்டு விசையைத் தொட்டால் இழுப்பு இலகுவாக இருக்கும். விசையாலேயே சுத்தியலைத் தூக்கிச் சுட்டால் குழல் ஒரு பக்கமாக ஒதுங்கும், அவளுக்கு ஒதுங்கியது.

குறியைத் திருத்துவதில் இந்த மாடலுக்கு ஒரு வினோதம். பின்குறி இடது வலதுக்கு மட்டும். மேலே கீழேக்கு முன்குறியைத்தான் ஏற்றி இறக்க வேண்டும். பின்குறியைக் குண்டு போக வேண்டிய பக்கமே நகர்த்த வேண்டும். முன்குறி அதற்கு நேர் எதிர்: குண்டு கீழே விழுகிறதா, முன்குறியை இறக்குங்கள். இதைக் குழப்பிக்கொண்டு நான் ஒரு முழு டப்பாத் தோட்டாவை மண்மேட்டில் விதைத்திருக்கிறேன். ஐந்து சுட்டுப் பார்த்து, ஐந்தின் நடுவை வைத்துக் கால் திருப்பு. ஒரு குண்டைப் பார்த்து ஸ்க்ரூ டிரைவரை எடுக்காதீர்கள்.

விசை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால், குழலை இலக்கின் பக்கமே பிடித்தபடி முப்பது எண்ணுங்கள். அப்புறம் மடக்கி எடுத்து, அந்தத் தோட்டாவைத் தனியே வைத்து ரேஞ்ச் பொறுப்பாளரிடம் கொடுங்கள். சத்தம் ‘டப்’ என்று இல்லாமல் ‘புஸ்’ என்று கேட்டு, தாளிலும் ஓட்டை இல்லை என்றால் குண்டு குழலுக்குள்ளேயே நிற்கலாம். அடுத்ததைச் சுட்டால் குழல் வீங்கும். அன்றைக்கு அதோடு சரி.

வைப்பது

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் எங்கள் வீட்டு ஓட்டைப் பிய்த்துக்கொண்டு போனது. பீரோவுக்குள் தண்ணீர். கரண்ட் இல்லாத அந்த இருட்டில் மெழுகுவர்த்தியைத் தள்ளி வைத்துவிட்டு, டார்ச் வெளிச்சத்தில் இதை மண்ணெண்ணெயில் அலசி, துணியில் உருட்டி, எண்ணெயில் குளிப்பாட்டினேன். “ஏங்க, பத்திரமெல்லாம் நனைஞ்சு கிடக்கு, உங்களுக்கு அதுதான் முக்கியமா?” என்றாள் வீட்டுக்காரி. நியாயமான கேள்வி. நனைந்த பத்திரம் மூன்று நாளில் காய்ந்தது. நனைந்த இரும்புக்கு ஒரு ராத்திரி போதும், துருப் பிடிக்க.

உறை, ரெக்ஸின் பை, ஸ்பாஞ்சு வைத்த பெட்டி எதிலும் மாதக் கணக்கில் வைக்காதீர்கள். எல்லாம் ஈரத்தைக் குடித்து இரும்புக்குக் கொடுக்கும். எண்ணெய் துடைத்த துப்பாக்கியை விரல் ரேகை படாமல் துணியால் பிடித்து, மெழுகுத்தாளில் தளர்வாகச் சுற்றி, ரப்பர் வளையம் வைத்த எவர்சில்வர் டப்பாவில் போட்டு, அந்த டப்பாவைப் பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டியில் வைக்கிறேன். தோட்டா வேறு அறையில், வேறு பூட்டில், சாவி வேறு கொத்தில். தேர்தலுக்கு ஒப்படைக்கும்போதும் இப்போது அதே டப்பாவோடுதான் கொடுக்கிறேன், ரசீதில் டப்பாவையும் சேர்த்து எழுதச் சொல்லி.

டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல் ஒரு கைப்பிடி, துணி முடிச்சில். நீல நிற ரகம் வாங்குங்கள்; ஈரம் குடித்தால் வெளிர்சிவப்பாகிவிடும், திறந்தவுடன் தெரியும். ஐப்பசி கார்த்திகையில் எனக்குப் பத்து நாளில் சிவக்கிறது, பங்குனியில் ஒன்றரை மாதம் தாங்குகிறது. சிவந்ததைத் தூக்கிப் போட வேண்டாம், சிறுதீயில் வறுத்தால் திரும்ப நீலமாகும். தோசைக்கல்லில் வறுக்காதீர்கள், அந்த நிறச்சாயம் வயிற்றுக்கு ஆகாது. அதற்கென்று ஒரு பழைய இரும்புச் சட்டியைத் திண்ணையில் மண்ணெண்ணெய் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன், மேலே சாக்பீஸால் ‘சமையலுக்கு இல்லை’ என்று எழுதி. மகள் அதன் கீழே ‘அப்பா வறுவல்’ என்று எழுதி வைத்திருக்கிறாள்.